சாட்டர்டே சிட்டிங்

தலைமேல் மெத்தை கவிந்திருக்கும் நேரத்தில் மனிதன் யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. இந்தப் புத்தி பஸ் டிரைவருக்கு வந்தபோது வாக்கு வாயைவிட்டுப் போயிருந்தது.

மொட்டை மாடியில் வெயிலுக்குப் போட்டிருந்த மாமனாரின் மெத்தையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். மெத்தை இரண்டு பக்கமும் காதை மூடித் தொங்கியது. முன்னால் பஞ்சு, பின்னால் பஞ்சு. படி எங்கே இருக்கிறது என்று கால் பெருவிரலைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முதல் மாடித் திருப்பத்துக்கு வந்தபோது, பஞ்சுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"வில் யூ சிட் ஃபார் மீ, சாட்டர்டே? ப்ளீஸ்?"

வீட்டுக்காரப் புரொபசரம்மாவின் குரல். அதில் அப்படி ஒரு குழைவு! பதினோரு வருடக் குடித்தனத்தில் அந்த அம்மாள் யாரிடமும் 'ப்ளீஸ்' என்று சொல்லி அவர் கேட்டதில்லை.

"எஸ் மேடம்! ஷ்யூர் மேடம்!" என்றது மெத்தை.

வெளியே "ஓ!" என்று ஒரு வார்த்தை. பிறகு கதவு சாத்தும் ஓசை. டிரைவர் சுவரோடு சுவராக ஒட்டி நின்று, மெத்தையின் ஒரு மூலையைத் தூக்கி எட்டிப் பார்த்தபோது ஆள் இல்லை.

கதவைத் தட்டி, 'மேடம், நீங்க சொன்னது புரியல, தமிழ்ல சொல்லுங்க' என்று கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் புரொபசரம்மாவிடம் அப்படிக் கேட்க முடியாது. முப்பது வருடம் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கால் கிலோ வெங்காயம் வாங்கினாலும் எழுவாய் பயனிலையோடு முழு ஆங்கில வாக்கியத்தில்தான் வாங்குவார். தமிழ் நன்றாகத் தெரியும். கோபம் வந்தால் மட்டும் அதை எடுப்பார். ஒருமுறை டிரைவர் "டுமாரோ வாட்டர் கேம், மேடம்" என்று சொல்லப்போய், நாளைக்கு வரப்போகிற தண்ணீர் நேற்றே எப்படி வந்தது என்று படிக்கட்டிலேயே நிற்கவைத்து விசாரித்தார். அதிலிருந்து டிரைவர் அவரிடம் 'எஸ் மேடம்', 'ஷ்யூர் மேடம்' இரண்டோடு நிறுத்திக்கொண்டார். அந்த இரண்டில் எந்த இலக்கணப் பிழையும் வராது.

தவிர, இது மேடத்தை எரிச்சல்படுத்துகிற மாதம் இல்லை. போன மாதம்தான் தன் வீட்டுச் சமையல் அக்காவிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: கீழ்வீட்டைக் காலி செய்ய வேண்டி வரலாம், இன்னும் முடிவு செய்யவில்லை. டிரைவர் வீட்டில் அன்றிலிருந்து யாருக்கும் சரியாகத் தூக்கமில்லை. மாமனார் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு இங்கே வந்து படுத்திருக்கிறார், படியேற முடியாது. தரைத்தளத்தில் வீடு தேடித் தேடிச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். போகிற இடமெல்லாம் மூன்றாவது மாடி, லிப்ட் வரப்போகிறது என்றார்கள். நாளைக்கு வந்த தண்ணீர் மாதிரி.

"அப்ப அவங்க ஏதோ உதவி கேட்டிருக்காங்க. நீங்களும் செய்யறேன்னுட்டீங்க. நல்லதுதானே?" என்றாள் மனைவி. "ஆனா என்ன உதவி?"

"சிட்னா உக்காரு. ஃபார் மீன்னா எனக்காக. சாட்டர்டேன்னா சனிக்கிழமை. எனக்காகச் சனிக்கிழமை உக்காரு."

"எனக்காக உக்காருன்னு ஊர்ல எவளாவது கேப்பாளா?"

"கேட்டாங்களே!"

மனைவிக்கு எதிர் வரிசை ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. 'ஹோல்ட் ஆன் ப்ளீஸ், லைன் பிஸி' என்பதை வெள்ளைக்காரியைவிட நன்றாகச் சொல்லுவாள். அதற்கு மேல் ஆங்கிலத்தோடு அவளுக்கு வரவு செலவு கிடையாது. ஆனாலும் நாலு டாக்டரம்மாக்கள் பேசுவது காதில் விழுமல்லவா? சட்டென்று அவள் முகம் மலர்ந்தது.

"பேபி சிட்டிங்! அம்மா அப்பா இல்லாதப்ப குழந்தையைப் பாத்துக்கறதுக்குப் பேரு அதுதான்!"

"அவங்க தனிக்கட்டை. குழந்தைக்கு எங்க போவாங்க?"

"நாலஞ்சு நாளா மேல தடதடன்னு குட்டிக் கால் ஓடுற சத்தம் கேக்குதே, உங்களுக்குக் கேக்கலையா? யாரோ சொந்தக்காரங்க குழந்தையை விட்டுட்டுப் போயிருக்காங்க."

டிரைவர் காதைத் தீட்டிக் கேட்டார். உண்மைதான். கூரைக்கு மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஏதோ சின்னக் கால்கள் சிட்டாய்ப் பறந்தன.

விஷயம் விளங்கிவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் டிரைவருக்குக் குழந்தை தூக்கத் தெரியாது. சொந்தப் பிள்ளை இல்லாத வீடு. மைத்துனனைக் குழந்தையாகத் தூக்கியதோடு மனைவிக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒரு தலையணையில் துண்டைச் சுற்றிக் கையில் கொடுத்தாள். டிரைவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்த மாமனார், "மாப்பிள்ளை, கழுத்தைப் பிடிங்க. அது ஸ்டியரிங் இல்ல," என்றார்.

மறுநாள் டிப்போவில் சனிக்கிழமைக்கு லீவு கேட்டார். என்ன காரணம் என்று டைம் கீப்பர் கேட்டார். டிரைவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

"பேபி சிட்டிங்."

டைம் கீப்பர் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்தது. வண்டி எடுத்து முதல் டிரிப் முடித்துத் திரும்புவதற்குள் டிப்போ முழுக்க அவருக்கு 'ஆயா' என்று பெயர் வைத்துவிட்டது. "ஆயா, பிரேக் பாத்துப் பிடி. பாப்பா முழிச்சுக்கும்!"

அவருடைய கண்டக்டருக்கு இது பொறுக்கவில்லை. பல வருடமாக ஒரே வண்டியில் விசில் ஊதுகிறவன். அண்ணனுக்கு ஒரு அவமானம் என்றால் தனக்கு வந்த மாதிரி.

"அண்ணே, நீங்க கவலைப்படாதீங்க. நான் சரி பண்ணிட்டேன்."

"என்னத்தைடா சரி பண்ணின?"

"பேபியாவது கீபியாவது, எங்க அண்ணன் சனிக்கிழமை போறது வெறும் சிட்டிங்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

டிரைவர் ஸ்டியரிங் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நாலு பேர் பாட்டிலை நடுவில் வைத்து வட்டமாக உட்கார்ந்தால் அதற்குப் பெயர் சிட்டிங் என்பது டிப்போவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். சோடா குடித்தாலே தும்முகிற மனிதர் அவர்.

"அந்த அம்மா கூடவாண்ணே?" என்று கண்டக்டர் மரியாதையோடு குரலைத் தாழ்த்தினான். "பெரிய எடம்!"

ஆயா என்ற பெயர் அன்று மாலையே போய்விட்டது. பதிலாக, வண்டி எடுக்கும் முன் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஒரு மிஷினை நீட்டி வாயால் ஊதச் சொன்னார். டிரைவர் ஊதினார். மிஷின் சுத்தம் என்றது. இன்ஸ்பெக்டர் நம்பவில்லை, மிஷினைத் தட்டிப் பார்த்து மறுபடி ஊதச் சொன்னார். அதோடு விட்டாரா? டிப்போ டாக்டருக்குப் போன் போட்டு, எதற்கும் ஒரு தரம் பார்க்கச் சொன்னார். டிப்போ டாக்டர் உட்காருவது எதிர் வரிசை ஆஸ்பத்திரியில். அந்த ஆஸ்பத்திரிக்கு எந்தப் போன் வந்தாலும் முதலில் போய்ச் சேருகிற காது யாருடையது?

வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும் முன்பே டிரைவருக்குத் தெரிந்துவிட்டது.

"பதினாலாம் நம்பர் பஸ் டிரைவர் சனிக்கிழமை பெரிய சிட்டிங் போறாராம். அதுவும் ஒரு அம்மா கூட. கனெக்ஷன் குடுத்ததே நான்தான். 'ஹோல்ட் ஆன் ப்ளீஸ்'னு சொல்லிட்டு அழுதேன்."

"அடி, உன்மேல சத்தியமா..."

"தலையணையைத் தோள்ல போட்டுக்கிட்டு நடிச்சீங்களே, நாடகக்காரர் தோத்தார்!"

இந்த இடத்தில்தான் மைத்துனன் உள்ளே புகுந்தான். அவன் எழுதாத போட்டித் தேர்வு கிடையாது. தபால் துறை, ரயில்வே, வங்கி, வனத்துறை எல்லாவற்றுக்கும் எழுதினான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. மீசையில் இரண்டு நரை மட்டும் வந்திருந்தது. அவன் அக்காவைக் கையமர்த்திவிட்டுக் கதவைச் சாத்தித் தாழிட்டான்.

"அத்தான், இது குழந்தையும் இல்ல, குடியும் இல்ல. எக்ஸாமுக்கு உக்காரறதைத்தான் இங்கிலீஷ்ல சிட் ஃபார்னு சொல்லுவாங்க. நான் எத்தனை தடவை உக்காந்திருக்கேன்! அந்தம்மா கையில எப்பப் பாத்தாலும் தலைகாணி மாதிரி புஸ்தகம். இந்த வயசுலயும் எதுக்கோ படிக்கறாங்க. பயம் வந்துடுச்சு. 'எனக்குப் பதிலா நீ போய் எக்ஸாம்ல உக்காரு'ன்னு உங்களைக் கேட்டிருக்காங்க."

"நானா? இங்கிலீஷ் புரொபசருக்குப் பதிலா நானா?"

"அது அவங்க தலையெழுத்து. ஆனா மாட்டினா உங்களுக்கு ஆள்மாறாட்டக் கேஸ். உள்ள தள்ளிடுவாங்க."

மனைவியின் கோபம் போன இடம் தெரியவில்லை. "ஐயையோ! இவர் ஜெயிலுக்குப் போனா அப்பாவை யாரு தூக்கி உக்கார வைப்பா?" என்று புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். குடிகாரன் என்று நினைத்தபோது வராத பாசம்.

"யாரும் பதற வேண்டாம்," என்றான் மைத்துனன். "நான் மேல போய் நைசா விசாரிச்சுட்டு வரேன். இங்கிலீஷ்லயே."

போனான். போன சுருக்கில் திரும்பி வந்தான். முகம் தேர்வு முடிவு வந்த நாளில் இருப்பது போலவே இருந்தது.

"என்னடா ஆச்சு?"

"'வாட் அபவுட் சாட்டர்டே, மேடம்?'னு கேட்டேன். கண்ணு கலங்கிடுச்சு அவங்களுக்கு. 'சாட்டர்டே இஸ் ஹோப்லெஸ். ஐ ஹேவ் கிவன் அப்'னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டாங்க."

"அப்படின்னா?"

"சனிக்கிழமை மேல நம்பிக்கையே இல்லையாம். கை கழுவிட்டாங்களாம்."

மனைவி மேலே அண்ணாந்து பார்த்தாள். "இன்னிக்கு அந்தக் குட்டிக் கால் சத்தமும் இல்ல. குழந்தையையும் வேற எங்கேயோ கொண்டு போய் விட்டுட்டாங்க போல. டிப்போ பேச்சு அவங்க காதுக்கும் போயிருக்கு. குடிகாரன்கிட்ட எவ குழந்தையைக் குடுப்பா? நம்பி ஒரு உதவி கேட்டாங்க, அதுலயும் மண்ணு. இனிமே வீடு நமக்கு ஏது?"

டிரைவர் சுவரில் சாய்ந்து தரையிலேயே அமர்ந்துவிட்டார். பிரேக் பிடிக்காத வண்டியைக்கூட அவர் ஒருமுறை மணல் மேட்டில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். இதை எங்கே கொண்டுபோய் ஏற்றுவது?

அப்போது கட்டிலிலிருந்து ஒரு கனைப்பு வந்தது.

மாமனார் கோர்ட்டில் டவாலியாக இருந்தவர். சட்டம் படித்தவரில்லை, ஆனால் நீதிபதிக்கு முன்னால் 'சைலன்ஸ்' என்று கத்திவிட்டு, அப்புறம் அவர்கள் பேசுவதையெல்லாம் நின்றபடியே கேட்டவர். கேள்வி ஞானத்துக்குக் குறைவில்லை.

"எல்லாரும் உளறி முடிச்சாச்சா? இப்ப நான் சொல்றேன். குடியிருக்கிற வீட்டுல கெட்டியா உக்காந்திருக்கிறவனுக்குச் சட்டத்துல ஒரு பேர் உண்டு. சிட்டிங் டெனன்ட். அவனை லேசுல எழுப்ப முடியாது. எந்திரிச்சான்னா போச்சு. உக்காந்தே இருந்தான்னா எமனே வந்தாலும் நோட்டீஸ் குடுத்துட்டுத்தான் வரணும்."

"அதுக்கு நான் என்ன செய்யணும் மாமா?"

"சனிக்கிழமை வெள்ளையும் சொள்ளையுமா உடுத்திக்கிட்டு மேல போங்க. உக்காருங்க. கீழ்வீடு உங்களுக்குத்தான்னு அந்தம்மா வாயால சொல்ற வரைக்கும் எந்திரிக்காதீங்க. எவன் என்ன கேட்டாலும் ஒரே வார்த்தை: சிட்டிங். மீதியை அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

டிரைவர் நிமிர்ந்தார். உட்கார வேண்டும், எழுந்திருக்கக் கூடாது. அவ்வளவுதானே? இருபது வருடமாக அவர் வேறென்ன செய்தார்?

சனிக்கிழமை காலை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், நெற்றியில் படிய வாரிய தலை. கண்டக்டர் காக்கி உடுப்பிலேயே டூட்டிக்கு நடுவே ஓடி வந்திருந்தான். "அண்ணே, ஏதாவது ஆச்சுன்னா ஒரு குரல் குடுங்க. படிக்கட்டுலயே நிக்கறேன்," என்றான். மைத்துனன் அவன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். டிரைவர் படியேறி அழைப்பு மணியை அழுத்தினார்.

புரொபசரம்மா கதவைத் திறந்தார். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். "எஸ்?"

"சாட்டர்டே, மேடம்," என்றார் டிரைவர்.

அந்த அம்மாள் திடுக்கிட்டார். அவர் பார்வை டிரைவரைத் தாண்டி, படிக்கட்டில், தரையில் எல்லாம் தேடியது. "சாட்டர்டே? வேர்?"

"ஹியர் மேடம். டுடே."

"ஓ." ஏனோ அவர் முகம் வாடிவிட்டது. "எஸ். டுடே இஸ் சாட்டர்டே." அப்புறம் வழக்கமான மரியாதையில் கையைக் காட்டினார். "ப்ளீஸ் சிட்."

டிரைவர் கூடத்தின் நடுவிலிருந்த பெரிய கைவைத்த நாற்காலியைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தார். முதுகு நேராக, கைகள் முன்னால், கண் சாலையைப் பார்ப்பது போல நேரே. அந்த அம்மாள் ஏதாவது சொல்வார் என்று அவர் காத்திருந்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று அந்த அம்மாள் காத்திருந்தார். சமையலறையில் குக்கர் மட்டும் பேசியது.

திடீரென்று மணி மறுபடி அடித்தது.

இரண்டு பேர் உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தார்கள். ஒருவன் புரொபசரம்மாவின் அண்ணன் மகன். வருடத்துக்கு ஒருமுறை வருவான். வந்தால் எதையாவது கேட்பான். இன்னொருவர் கழுத்தில் தடிமனான சங்கிலி போட்ட பில்டர்.

"என்ன அத்தை, முடிவு பண்ணிட்டீங்களா? இன்னிக்கு நல்ல நாள். கீழ்வீட்டுக்காரங்களைக் காலி பண்ணச் சொல்லிட்டா, அடுத்த மாசமே இடிச்சுட்டு அஞ்சு மாடி எழுப்பிடலாம். நீங்க தனியா இங்க இருந்து என்ன பண்ணப் போறீங்க? முதியோர் இல்லத்துல ஏசி ரூமே பாத்து வெச்சிருக்கேன்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கல்லூரியையே ஒரு பார்வையில் அடக்கியவர், அண்ணன் மகன் முன்னால் இப்படிச் சின்னதாகிப்போனதை டிரைவர் பார்த்தார். வீடு போகும் பயம் தனக்கு மட்டும்தான் என்று அல்லவா நினைத்திருந்தார்!

அப்போதுதான் அண்ணன் மகன் நாற்காலியைக் கவனித்தான். "இவர் யாரு அத்தை? கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்க. குடும்ப விஷயம் பேசணும்."

டிரைவர் அசையவில்லை. "சிட்டிங்," என்றார்.

பில்டரின் முகத்திலிருந்த சிரிப்பு ஒரு படி இறங்கியது. வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். வெள்ளைப் பேண்ட்டைப் பார்த்தார். உள்ளே வரும்போது படிக்கட்டில் காக்கி உடுப்பில் ஒருவனும் கைகட்டி ஒருவனும் நின்றது அவர் நினைவுக்கு வந்தது. பதவியில் இருக்கிற வார்டு கவுன்சிலரைத்தானே சிட்டிங் என்பார்கள்?

"சிட்டிங்கா சார்? எந்த நம்பர்?"

"பதினாலு."

"பதினாலா!" பில்டர் தன்னையறியாமல் எழுந்தார். "அங்கதான் சார் நம்ம பில்டிங் ரெண்டு நடக்குது."

"தெரியும். தினமும் அந்த வழியாத்தான் போறேன்." டிரைவருக்கு அந்த இடம் என்றாலே பற்றிக்கொண்டு வரும். "ரோட்டையே முழுங்கிக்கிட்டு நிக்குதே, அது உங்களுதா? ஜல்லி, மணல் எல்லாம் நடு ரோட்டுல. பால்கனி வேற வெளிய நீட்டிக்கிட்டு. என்னிக்காவது ஒரு நாள் அதை நானே இடிச்சுடுவேன்னு இருக்கேன்."

"வேண்டாம் சார்! சாயந்தரத்துக்குள்ள எடுத்துடறோம் சார்!" பில்டர் கைக்குட்டையை எடுத்தார். "எத்தனை வருஷமா சார் சிட்டிங்?"

"இருபது வருஷம் ஆகப்போகுது."

"ஒரே சீட்டா?"

"நடுவுல ஒரு தடவை சீட்டை மாத்தினாங்க. என் சீட்டு மேல நிறையப் பேருக்குக் கண்ணு. நான் எவனுக்கும் விட்டுக் குடுக்கல."

பில்டர் அண்ணன் மகனின் காதில் ஏதோ கிசுகிசுத்தார். அவனுக்குச் சந்தேகம் தீரவில்லை. "சார் எந்தக் கட்சி?"

"எனக்கு எல்லாக் கட்சியும் ஒண்ணுதான். யார் வந்தாலும் ஏத்திக்குவேன்."

"சுயேச்சை!" என்றார் பில்டர் பக்தியோடு. "சுயேச்சையாவே இருபது வருஷம்! ஜனங்க உங்களை அவ்வளவு நம்பறாங்க சார்."

"நம்பித்தானே ஏறுறாங்க? கொஞ்சம் லேட்டானா திட்டவும் செய்வாங்க. அதையெல்லாம் காதுல போட்டுக்கிட்டா வண்டி ஓடுமா?"

"அனுபவம் பேசுது சார்."

அண்ணன் மகன் அத்தை பக்கம் திரும்பினான். "அத்தை, உண்மையைச் சொல்லுங்க. இவர் நிஜமாவே சிட்டிங்தானா?"

புரொபசரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். டிரைவரை ஏற இறங்கப் பார்த்தார். அவர் வாய் ஓரம் லேசாகத் துடித்தது. வாழ்நாளில் இலக்கணப் பிழையாக ஒரு வாக்கியம் சொல்லாதவர் அவர்.

"எஸ்," என்றார். "ஹி இஸ் சிட்டிங்."

அதற்கு மேல் பில்டர் நிற்கவில்லை. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வீட்டுல உங்களுக்கு ஒரு கண்ணு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா இந்தப் பக்கமே..."

"இந்த வீட்டுலருந்து ஒருத்தரும் எந்திரிக்க வேண்டியதில்ல," என்றார் டிரைவர். மாமனார் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னார். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாளையும் அதில் சேர்த்துக்கொண்டார். "கீழயும் சரி, மேலயும் சரி."

பில்டர் கும்பிட்டுக்கொண்டே பின்னோக்கி நடந்தார். அண்ணன் மகன் அவர் பின்னாலேயே, "சார், சார், இருங்க" என்று ஓடினான். படிக்கட்டில் காக்கி உடுப்பைக் கண்டதும் பில்டர் அதற்கும் ஒரு கும்பிடு போட்டார். கண்டக்டர் பழக்க தோஷத்தில் விசிலை எடுத்து 'ரைட்' கொடுத்தான். இரண்டு பேரும் அடுத்த நிமிடம் தெருவில் இல்லை.

புரொபசரம்மா சிரிக்க ஆரம்பித்தார். சோபாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம், கோபம் துளியும் இல்லாமல், முதல்முறையாகத் தமிழில் பேசினார்.

"அவன் வந்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கும்ப்பா. இங்கிலீஷும் வராது, தமிழும் வராது. இன்னிக்கு கையெழுத்து போட்டுடுவேன்னு பயந்துக்கிட்டே கதவைத் திறந்தேன். நீங்க பாறாங்கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்க பாருங்க, பக்கத்துல அப்படி ஒருத்தர் இருந்தா போதும்னு தோணுச்சு."

"மேடம், கீழ்வீடு..."

"உங்க மாமனார் எந்திரிச்சு நடக்கற வரைக்கும் இல்ல, ஓடுற வரைக்கும் உங்களுக்குத்தான். இனிமே அவன் வர்ற அன்னிக்கெல்லாம் வந்து உக்காரணும். சரியா?"

"எஸ் மேடம். ஷ்யூர் மேடம்," என்ற டிரைவர், அப்போதுதான் எழுந்தார்.

கீழே கல்யாண வீடு போல ஆகிவிட்டது. மைத்துனன் அத்தானைத் தூக்கப் பார்த்து முடியாமல் பாதியில் இறக்கினான். மாமனார் கட்டிலில் படுத்தபடியே, பழைய கோர்ட்டுக் குரலில் "சைலன்ஸ்!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, எல்லோரும் அடங்கியதும், "சட்டம் ஜெயிச்சுடுச்சு," என்றார். மனைவி புருஷனின் வெள்ளைச் சட்டையைத் தடவித் தடவிப் பார்த்தாள். டிரைவர் நடந்ததை முதலிலிருந்து சொன்னார். முடித்ததும் மறுபடி சொல்லச் சொன்னார்கள். இரண்டாம் முறை சொன்னபோது பில்டர் காலில் விழுந்திருந்தார்.

அந்த நேரம் மேலேயிருந்து ஒரு பெரிய டப்பா நிறைய இனிப்போடு சமையல் அக்கா இறங்கி வந்தார். "அம்மா குடுத்தாங்க. சார் இன்னிக்கு அவங்க வயித்துல பாலை வார்த்துட்டாராம்."

மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாம் மேடத்தோட முன்யோசனைதான் அக்கா. அண்ணன் மகன் வருவான்னு தெரிஞ்சு, 'சாட்டர்டே வந்து எனக்காக உக்காரு'ன்னு அப்பவே படிக்கட்டுல இவர்கிட்ட எவ்வளவு கெஞ்சிக் கேட்டாங்க தெரியுமா?"

சமையல் அக்கா டப்பாவைக் கீழே வைத்துவிட்டு டிரைவரையே பார்த்தார்.

"அட சாமி! சாட்டர்டேங்கறது அம்மா போன வாரம் வாங்கின நாய்க்குட்டியோட பேரு சார். அன்னிக்கு உங்க மெத்தைக்குக் கீழதான் நின்னுச்சு. எத்தனை கெஞ்சியும் அது உக்காரவே மாட்டேன்னுடுச்சு, திருப்பிக் குடுத்துட்டோம். கடைசியில சொன்ன பேச்சைக் கேட்டு நீங்க வந்து உக்காந்திருக்கீங்க!"